தன்னிடம் தொடங்கி எல்லோரிடமும்: மைத்ரி தியானம் பழகும் முறை

மைத்ரி தியானம் என்பது, ஓர் உயிர் நலமாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தை மனத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பழகும் பயிற்சி. அந்த விருப்பம் முதலில் நம்மிடத்தில் தொடங்குகிறது. பிறகு நாம் மதிக்கும் ஒருவர், நெருங்கிய நண்பர், உறவும் பகையும் இல்லாத ஒருவர், நம்மைப் புண்படுத்திய ஒருவர் என்று படிப்படியாக நகர்ந்து, முடிவில் எந்த உயிரையும் வெளியே நிறுத்தாத அளவுக்கு விரிகிறது. பௌத்த மரபில் மெத்தா என்று வழங்கும் இந்தப் பயிற்சியை, சென்னை போன்ற நெரிசலான நகரத்தில், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் எவ்வாறு பழகலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

இதைத் தொடங்குபவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரு தடையில் நின்றுவிடுகிறார்கள். நெஞ்சில் அன்பு ஊறிப் பெருக வேண்டும், கண் கசிய வேண்டும் என்று எதிர்பார்த்து உட்காருகிறார்கள். அப்படி எதுவும் நிகழாதபோது, தமக்கு இது வராது என்று முடிவுகட்டி எழுந்துவிடுகிறார்கள். மைத்ரியில் நாம் பயிற்றுவிப்பது விருப்பத்தைத்தான். உணர்ச்சி அதன் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். ஒருவர் நலமாக இருக்கட்டும் என்று நினைக்க முடிந்தால், அந்த நேரத்தில் மனம் வறண்டு கிடந்தாலும் பயிற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டவர்களே நெடுநாள் தொடர்கிறார்கள் என்பது என் அனுபவம்.

படிகளின் வரிசை அண்மைக் காலத்தில் வகுக்கப்பட்டது அன்று. பொ.ஆ. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், விசுத்திமக்கம் என்ற தம் நூலின் 9ஆம் இயலில், யாரிடம் தொடங்க வேண்டும், யாரிடம் தொடங்கக் கூடாது, மனம் மறுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றையெல்லாம் கைதேர்ந்த ஆசிரியர் ஒருவரின் பொறுமையோடு விளக்கியிருக்கிறார். தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை, புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயத்துக்கு எழுதிய உரையின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார். ஆகவே இந்த முறை நம் மண்ணுக்கு அயலானது என்று எண்ணத் தேவையில்லை. கீழே வரும் வழிமுறை பெரிதும் அவருடைய வரிசையையே பின்பற்றுகிறது.

இடம், நேரம், சொற்கள்

நாள்தோறும் இருபது நிமிடம் போதும். அதிகாலை 5 மணி முதல் 6 மணிக்குள் அமர முடிந்தால் நல்லது. பால் பாக்கெட் வந்து, சமையலறை விழித்து, பள்ளிக்குக் கிளம்பும் பரபரப்புத் தொடங்கிவிட்டால் பிறகு இருபது நிமிடம் கிடைப்பது அரிது. இரவுப் பணிக்குச் செல்பவர்கள் வீடு திரும்பிக் குளித்த பின் அமரலாம். மூட்டுவலி உள்ளவர்கள் தரையில் அமர்ந்து வருந்த வேண்டியதில்லை. முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில் படும்படி நாற்காலியில் அமர்ந்தால் போதும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் அமர்வதில் சிறப்பு எதுவும் இல்லை. ஊதுபத்தியும் பின்னணி இசையும் தேவையற்றவை என்பதே என் கருத்து, ஏனெனில் அவை இல்லாத நாளில் பயிற்சியும் நின்றுபோகிறது.

முழு அமைதியை இந்த நகரத்தில் எதிர்பார்க்க முடியாது. கோயில் ஒலிபெருக்கியில் சுப்ரபாதமும், பள்ளிவாசலிலிருந்து பாங்கும், தேவாலய மணியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும் தெருக்கள் இங்கே ஏராளம். அவற்றை இடையூறு என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்தால் மைத்ரியின் வேர் அங்கேயே அறுபட்டுவிடும். ஒவ்வோர் ஒலிக்குப் பின்னாலும் விடியலுக்கு முன்பே எழுந்துவிட்ட ஒரு மனிதர் இருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு உங்கள் சொற்களுக்குத் திரும்புங்கள்.

அமர்ந்ததும் மூன்று அல்லது நான்கு நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். மூச்சை மாற்ற வேண்டாம்; தாடை, தோள், வயிறு ஆகிய இடங்களில் இறுக்கம் இருந்தால் தளர்த்திக்கொண்டால் போதும். பிறகு சொற்களுக்கு வாருங்கள். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள வாசகங்களின் கருத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "நான் பகையின்றி இருக்க வேண்டும். மன வருத்தம் இன்றி இருக்க வேண்டும். உடல் துன்பம் இன்றி இருக்க வேண்டும். என் வாழ்வை நலமாக நடத்திச் செல்ல வேண்டும்." இவை நீளமாகத் தோன்றினால், காலில் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் "நல்லா இரு" என்ற இரண்டு சொற்களே போதும். 1911இல் கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களில் பயின்றவர்களுக்கு "வாழ்க வளமுடன்" என்ற வாழ்த்து நாவிலேயே இருக்கும். அவர்கள் அதையே பயன்படுத்தலாம். எந்தச் சொற்களைத் தேர்ந்தாலும் குறைந்தது ஒரு மாதம் அவற்றை மாற்றாதீர்கள். ஒரு வாசகத்தைச் சொல்லி, ஒன்றிரண்டு மூச்சு இடைவெளி விட்டு, அதன் பொருள் மனத்தில் இறங்கிய பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் உருப்போட்டால் சொல் மட்டும் ஓடும், விருப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

தன்னிடம்

முதல் படி எளிது என்று கேட்கும்போது தோன்றும். அமர்ந்து பார்த்தால்தான் நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் தாய்மார்களுக்கு, "நான் நலமாக இருக்க வேண்டும்" என்று சொல்லும்போதே நாக் கூசுகிறது. தன் நலத்தை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்ற அச்சம் சிலருக்கு. தன்னைப் பற்றி நினைப்பதே சுயநலம் என்ற எண்ணம் வேறு சிலருக்கு. தேர்வில் தோற்றதையோ தொழிலில் நட்டப்பட்டதையோ நினைத்து, நலமாக இருக்கத் தமக்குத் தகுதி இல்லை என்று உள்ளூர நம்புகிறவர்களும் உண்டு.

இவர்களுக்குக் கோசல நாட்டு அரசன் பசேனதியும் அரசி மல்லிகாவும் பேசிக்கொண்டதாகப் பாலி நூல்கள் சொல்லும் உரையாடல் உதவும். உன்னைவிட உனக்குப் பிரியமானவர் எவரேனும் உண்டா என்று அரசன் கேட்கிறான். தம்மைவிடப் பிரியமானவர் எவரும் இல்லை என்று அரசி ஒளிவின்றிச் சொல்கிறாள். அரசனும் தன்னைப் பற்றி அதையே ஒப்புக்கொள்கிறான். இதைக் கேட்ட புத்தர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஒவ்வொருவருக்கும் தம் உயிர் இப்படித்தான் இனியது, ஆகவே தன்னை விரும்புகிறவன் பிறரைத் துன்புறுத்தக் கூடாது என்று சொன்னார். நாம் இன்பத்தை விரும்புவதும் துன்பத்தை வெறுப்பதும் பிறரை அறிவதற்கான சான்று. அந்தச் சான்றைத் தெளிவாகப் பார்ப்பதற்காகவே பயிற்சி நம்மிடம் தொடங்குகிறது.

சொற்கள் ஒட்டாமல் போனால், ஆறேழு வயதில் பள்ளிச் சீருடையில் நின்ற உங்கள் உருவத்தை நினைத்து, அந்தக் குழந்தைக்குச் சொல்லுங்கள். அதுவும் இயலாவிட்டால், உங்கள் நலத்தை உண்மையாக விரும்பும் ஒருவர் எதிரே அமர்ந்து அச்சொற்களை உங்களிடம் சொல்வதாக எண்ணிக் கேட்டுக்கொண்டிருங்கள். உள்ளங்கையை மார்பில் வைத்துக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. இந்தப் படியில் இரண்டு வாரம் இருங்கள். அதற்குமேல் இதிலேயே தங்கிவிட வேண்டாம். தன்னை மட்டும் நினைத்து நூறு ஆண்டு அமர்ந்தாலும் இந்தத் தியானத்தில் ஆழ்ந்த ஒருமைப்பாடு கைகூடாது என்று புத்தகோசர் சொல்லியிருக்கிறார்.

மதிப்புக்குரியவரும் நண்பரும்

அடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயிருக்குயிரான ஒருவரை எடுப்பதுதான் இயல்பு என்று தோன்றும். மரபு அதைப் பரிந்துரைப்பதில்லை. மிக நெருக்கமானவரை நினைத்தவுடன் மைத்ரியோடு பற்றும் கவலையும் சேர்ந்து கிளம்புகின்றன. மகனுக்கு நலம் வேண்டத் தொடங்கி, அவனுடைய நீட் மதிப்பெண்ணில் போய் முடிகிறது. ஆகவே, ஒரு சொல்லால் அல்லது செயலால் உங்களுக்கு நன்மை செய்த, நினைத்தால் நன்றி எழுகின்ற ஒருவரை முதலில் எடுங்கள். எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை, முதல் வேலையில் தொழில் பழக்கிய மேலதிகாரி, பேறுகாலத்தில் உடனிருந்த பக்கத்து வீட்டு அம்மா போன்றவர்கள் பொருத்தமானவர்கள்.

இரண்டு விலக்குகளைப் புத்தகோசர் கதைகளோடு சொல்கிறார். பிரியமானவர்மீது மைத்ரி செய் என்ற அறிவுரையைக் கேட்ட ஒருவன், தன் மனைவியை நினைத்துத் தொடங்கி, தாழிட்ட அறைக்குள்ளிருந்து அவளிடம் செல்லும் தவிப்பில் இரவெல்லாம் சுவரோடு போராடினான். எனவே உடல் ஈர்ப்பு எழக்கூடிய ஒருவரை எடுக்கக் கூடாது. இன்னோர் இளந்துறவி எவ்வளவு முயன்றும் மனம் குவியாமல், மூத்தவரிடம் சென்று கேட்டபோதுதான், தான் நினைத்துக்கொண்டிருந்த ஆசிரியர் இறந்துவிட்டதை அறிந்தான். மாலையிட்ட படத்துக்கு அருகில் சிறு விளக்கு எரியும் நம் வீடுகளில், மறைந்த அம்மாவையோ அப்பாவையோ எடுத்துக்கொள்ளவே பலருக்கும் தோன்றும். அவர்களை நினைக்க அமாவாசையும் திதியும் இருக்கின்றன. நினைவு நாளில் கல்லறைக்குச் செல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தியானத்துக்கு, இன்று உண்டு உறங்கி நாளை எழப்போகும் ஒருவரையே எடுங்கள். நம் விருப்பம் சென்று சேர அவருக்கு ஒரு நாளைய பொழுது இருக்க வேண்டும்.

மதிப்புக்குரியவரிடம் சொற்கள் தடையின்றிச் சென்ற பிறகு நெருங்கிய நண்பரை எடுக்கலாம். இந்தப் படியில் தடை அதிகம் இராது. ஒரு வாரத்தில் கடந்துவிடலாம்.

பெயர் தெரியாதவர்

இந்தத் தியானத்தின் இதயம் இந்தப் படியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேண்டியவரை நேசிப்பதற்குத் தியானம் தேவையில்லை. பகைவரோ, பிடிக்காவிட்டாலும் நம் மனத்தில் பெரிய இடத்தை எடுத்துக்கொண்டிருப்பவர். நம் கண்முன் நாள்தோறும் நடமாடியும் நம் மனத்தில் இடமே பெறாத மனிதர்கள்தாம் எண்ணிக்கையில் மிகுதி. இந்த மாநகரில் ஒருவர் ஒரே நாளில் கடந்து செல்லும் முகங்களில் மிகப் பெரும்பாலானவை அத்தகைய நொதுமலருடையவை, அதாவது நமக்கு உறவும் பகையும் இல்லாதவர்களுடையவை.

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். தெருமுனையில் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியால் இஸ்திரி போடுபவர், பேட்டரி வண்டியில் குப்பை சேகரிக்க வரும் தூய்மைப் பணியாளர், அடுக்குமாடி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவைக் கழிக்கும் வாட்ச்மேன், கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் நீங்கள் ஏறும் அதே பெட்டியில் பூ கட்டிக்கொண்டு வரும் அம்மா என்று யாராகவும் இருக்கலாம். அவரைப் பற்றி உங்களுக்கு விருப்பும் வெறுப்பும் இருக்கக் கூடாது. அடிக்கடி பார்ப்பவராக இருக்க வேண்டும். கண்ணை மூடி அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஆண்டுக்கணக்கில் பார்த்தும் முகம் தெளிவாக வராமல் போவதைப் பலரும் இங்கே முதன்முறையாக உணர்கிறார்கள். முகம் வராவிட்டால் அவருடைய கைகளை, குரலை, நிற்கும் இடத்தை நினையுங்கள்.

சொற்களைத் தொடங்கியதும் சலிப்பு வரும். நண்பரிடம் எளிதாகச் சென்ற அதே வாசகம் இங்கே கட்டையாக விழும். அப்போது சொற்களைச் சற்று நிறுத்திவிட்டு, அவருடைய நாளை எண்ணிப் பாருங்கள். அவர் இன்று எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார், அக்னி நட்சத்திர வெயிலில் நண்பகலில் எங்கே ஒதுங்குகிறார், ஜூன் மாதப் பள்ளிச் செலவை எப்படிச் சமாளிக்கிறார், யார் அழைத்தால் அவர் முகம் மலர்கிறது? விடைகள் உங்களுக்குத் தெரியாது. கேள்விகள் எழுந்தாலே போதும். பிறகு, "என்னைப் போலவே இவரும் நலமாக இருக்க விரும்புகிறார்" என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டு வாசகங்களுக்குத் திரும்புங்கள்.

இங்கே கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. எளிய தொழில் செய்பவரை நினைக்கும்போது மைத்ரி சட்டென்று இரக்கமாக மாறி, "பாவம்" என்ற சொல் மனத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தச் சொல் வந்த கணமே நாம் மேலேயும் அவர் கீழேயும் ஆகிவிடுகிறோம். அவருக்கும் தன் வேலையில் பெருமிதம் இருக்கும், நண்பர்களோடு அடிக்கும் அரட்டை இருக்கும், நம்மைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கும். அவருடைய மகிழ்ச்சியையும் சேர்த்து நினைத்தால்தான் அவர் முழு மனிதராக நம் முன் நிற்பார். இந்த இடர்ப்பாட்டைத் தவிர்ப்பதற்காகவே, முதலில் வங்கிக் காசாளர், அலுவலகத்தின் வேறு தளத்தில் வேலை பார்ப்பவர் போன்று நமக்கு நிகரான நிலையில் உள்ள ஒருவரை எடுக்கும்படி நான் சிலருக்குச் சொல்வதுண்டு.

ஒரே நபரோடு ஒரு மாதம் இருங்கள். நாளுக்கு ஒருவராக மாற்றினால் பழகிய சலிப்பைத் தாண்டும் வாய்ப்பு கிடைக்காது. அவரைத் தியானத்தில் நினைக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். அது அவருக்குச் சங்கடத்தையே தரும். ஆனால் ஒரு நாள் இயல்பாக நின்று, "அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவோ பெயரைத் தெரிந்துகொள்ளவோ தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். மைத்ரி அமர்ந்த இடத்தோடு நின்றுவிடாமல் தெருவுக்கு வருவது இப்படித்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹட்சர்சன், செப்பாலா, குரோஸ் ஆகியோர் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், சில நிமிட மைத்ரிப் பயிற்சிக்குப் பிறகே, முன்பின் அறியாதவர்களின் படங்களைப் பார்த்தவர்களிடம் அவர்கள்மீதான நெருக்க உணர்வு கூடியிருந்தது. அது சோதனைக்கூடத்தில் கண்ட உடனடி விளைவு; தெருவில் அது நிலைக்க மாதங்கள் ஆகும்.

இந்தப் படியைப் பயணத்திலும் பழகலாம். மத்திய கைலாஷ் சிக்னலில் சிவப்பு விளக்கின் நொடிகள் குறைந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஹெல்மெட்டோடு நிற்பவருக்கு ஒரே ஒரு வாசகம் சொல்லலாம். பனகல் பூங்காவில் நடப்பவர்கள், எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் அடிக்கு ஒரு சொல்லாக மனத்துக்குள் வாழ்த்திக்கொண்டே நடக்கலாம். வண்டி ஓட்டும்போது மட்டும் கவனம் முழுவதும் சாலையில் இருக்கட்டும்.

புண்படுத்தியவர்

நொதுமலரிடம் மனம் தடையின்றிச் செல்லத் தொடங்கிய பிறகே இங்கே வர வேண்டும். வாழ்க்கையையே உடைத்துப் போட்டவரிடம் தொடங்காதீர்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டையிட்ட அண்டை வீட்டார், குழாய்க் கசிவைச் சரிசெய்யாமல் இழுத்தடிக்கும் மேல்வீட்டுக்காரர், நீங்கள் செய்த வேலைக்குத் தம் பெயரைப் போட்டுக்கொண்ட சக ஊழியர் ஆகிய அளவில் உள்ள மனத்தாங்கல்களே தொடக்கத்துக்கு ஏற்றவை.

முதல் வாசகத்திலேயே பழைய சண்டை மனத்தில் ஓடத் தொடங்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நண்பரிடம் திரும்பிச் சென்று சில நிமிடம் இருந்து, மனம் இளகியதும் மீண்டும் வாருங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படிச் சென்று வரலாம். அதுவும் பலிக்காவிட்டால் புத்தகோசர் வேறு வழிகளையும் தருகிறார். அந்த மனிதரின் செயல், சொல், எண்ணம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றாவது நன்றாக இருக்கும், அதை மட்டும் எடுத்து நினை என்கிறார்: அவர் பேச்சு கடுமையானது, ஆனால் படுக்கையில் கிடக்கும் தம் தாயைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார் என்பது போல. நீ யார்மீது சினம் கொள்கிறாய், அவருடைய தலைமயிர்மீதா, நகத்தின்மீதா, உடலில் உள்ள மண், நீர், தீ, காற்று ஆகியவற்றின்மீதா என்று பிரித்துக் கேட்டுப் பார் என்கிறார். எல்லாம் தோற்றால் ஏதேனும் ஒன்றைக் கொடு, அவர் கொடுப்பதை வாங்கிக்கொள் என்கிறார். இந்தக் கடைசி வழி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வியக்கத்தக்க வகையில் வேலை செய்கிறது. நவராத்திரிச் சுண்டலையோ ரம்ஜான் பிரியாணியையோ ஒரு கிண்ணத்தில் எடுத்துச் சென்று கதவைத் தட்டிய பிறகு, அதே மனிதரைக் கண்மூடி நினைப்பது எளிதாகிவிடுகிறது.

மைத்ரி என்பது அநீதியைப் பொறுத்துக்கொள்வது அன்று. வீட்டில் அடிபடும் பெண், கணவன்மீது மைத்ரி வளர்க்கிறேன் என்று அங்கேயே இருந்து தொடர்ந்து அடிபடக் கூடாது. அவர் முதலில் பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்க வேண்டும். சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டவர் சட்டத்தின் வழியே நியாயம் கேட்பதற்கும் மைத்ரிக்கும் முரண் எதுவும் இல்லை. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசர், பௌத்தத்தைச் சாதி மறுப்போடு சேர்த்தே முன்வைத்தார். வழக்கும் நடத்தலாம், விலகியும் நிற்கலாம். எதிரே உள்ளவர் அழிய வேண்டும் என்ற விருப்பத்தை மட்டும் நாம் வளர்க்காமல் இருக்கிறோம்.

எல்லைகளைக் கடத்தல்

நான்கு பேரிடமும் சொற்கள் ஓரளவு சமமாகச் செல்லும்போது, புத்தகோசர் சொல்லும் சோதனையை நினைத்துப் பார்க்கலாம். நீங்களும், உங்களுக்கு வேண்டியவரும், அறிமுகமற்றவரும், பகைவரும் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும்போது கொள்ளையர் வந்து, பலியிட ஒருவரைக் கொடு என்று கேட்கிறார்கள். பகைவரைக் காட்டினால், மனிதரை வேறுபடுத்தி நம் மனம் போட்ட எல்லை உடையவில்லை என்பது எளிதில் புரியும். "என்னை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும் எல்லை உடையவில்லை என்கிறார் அவர். கொடுக்கத்தக்கவர் எவரும் அங்கே இல்லை என்று காண்பதே இந்தப் படி. தம்மையே எப்போதும் முதலில் பலி கொடுத்துப் பழகிய குடும்பத் தலைவிகள் இந்தக் கதையை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இதற்குப் பிறகு மைத்ரியை இடம் நோக்கி விரிக்கலாம். தேர்ந்த உழவன் உழவேண்டிய பரப்பை எல்லை குறித்துக்கொண்டு பிறகே உழுவதைப் போல, முதலில் ஓர் இல்லம், பிறகு இரண்டு, பிறகு ஒரு தெரு என்று வரையறுத்துச் செல்லும்படி மரபு சொல்கிறது. உங்கள் வீட்டில் தொடங்கி, அதே தளத்தில் உள்ள வீடுகள், கட்டடம், தெரு, வார்டு என்று சென்று, மாநகராட்சியின் 200 வார்டுகளும் அடங்கும்வரை விரியுங்கள். திசைகளாகவும் செல்லலாம். வடக்கே எண்ணூர், மணலி ஆலைகளின் புகைக்கு நடுவே வாழ்பவர்கள். மேற்கே ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் இரவுப் பணி முடித்துப் பேருந்தில் உறங்கிக்கொண்டு திரும்புபவர்கள். தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையின் அலுவலகங்களில் இருப்பவர்கள். கிழக்கே காசிமேட்டிலிருந்து கடலுக்குச் சென்றவர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வருமானமின்றிக் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள். மனிதரோடு நிறுத்த வேண்டாம். தெருநாய்கள், காலைச் சோற்றுக்கு மதிலில் வந்து அமரும் காகங்கள், ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர்க் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் இதே வாசகங்கள் பொருந்தும். "எல்லா உயிர்களும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இப்படிக் குறிப்பாகச் சென்றால் மனம் நழுவாது.

துன்பத்தைக் காணும்போது

மைத்ரி துன்பத்தைச் சந்திக்கும்போது கருணையாகிறது. அதற்கான வாசகம் வேறு: "இந்தத் துன்பம் நீங்கட்டும், இதற்குக் காரணமானவை நீங்கட்டும்." சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வளாகத்திலோ, அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வாசலிலோ, வெளியூரிலிருந்து வந்து பையும் பாயுமாகக் காத்திருக்கும் குடும்பங்களைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய ஒருவரை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், அவருடைய துன்பத்தை நம்முடையதாக ஆக்கிக்கொள்ளாமலும், இந்த வாசகத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது நிபந்தனை செவிலியர்களுக்கும், முதிய பெற்றோரைப் பராமரிப்பவர்களுக்கும் மிக முக்கியமானது. கருணையைப் போலவே தோன்றி உள்ளே நுழையும் பகை சோகம் என்று பழைய ஆசிரியர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் ஓல்கா கிளிமெக்கி, தானியா சிங்கர் ஆகியோர் நடத்திய ஆய்விலும், பிறர் துன்பத்தை உணர்ந்து பங்கேற்க மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு மனச்சோர்வான உணர்வுகள் கூடின; அதன்பின் அவர்களுக்கே கருணைப் பயிற்சி அளித்தபோது அந்தச் சோர்வு குறைந்து நல்லுணர்வு கூடியது. ஆகவே துன்பத்தை நினைக்கும்போது மார்பு கனத்து மூச்சு முட்டினால், வாசகத்தை முதலில் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு, பாதங்கள் தரையில் படுவதை உணர்ந்து, சற்று இளைப்பாறிய பிறகு தொடருங்கள். எழுந்த பிறகு செய்யக்கூடிய சிறு காரியம் ஏதேனும் தோன்றினால் அன்றே செய்துவிடுங்கள்.

கவனத்துக்கு

பலன் மெதுவாகவே தெரியும். உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 2008இல் வெளியிட்ட, பணிபுரியும் 139 பேரைக் கொண்ட மைத்ரிப் பயிற்சி ஆய்வில், அன்றாட நல்லுணர்வுகள் வாரங்கள் செல்லச் செல்லவே கூடின. இடையில் சில நாள் விட்டுப்போனால், விட்ட நாள்களை ஈடுகட்ட முயலாமல், தன்னிடமிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

சிலருக்குத் தன்மீது கனிவு காட்டத் தொடங்கியதும், ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்த துயரம் பீறிட்டு வருவதுண்டு. சிறிது அழுகை வந்து அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உறக்கம் கெடுதல், பழைய வன்முறை நினைவுகள் துரத்துதல், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை வந்தால் தியானத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காகச் செயல்படும் ஸ்நேகா அமைப்பும் இருக்கிறது.

ஆசிரியரிடம் நேரில் கற்க விரும்புவோருக்கு, திருமுடிவாக்கம் அருகே உள்ள தம்ம சேது மையத்தில் தியான ஆசிரியர் எஸ். என். கோயங்காவின் மரபில் பத்து நாள் விபாசனா முகாம்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடப்பவை. அங்கே முதல் ஒன்பது நாளும் மௌனத்தில் மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிப்பதே பயிற்சி. மைத்ரி பத்தாம் நாள்தான் கற்பிக்கப்படுகிறது. எனவே மைத்ரியை மட்டும் எதிர்பார்த்துச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுத வேண்டும்.